ஞானபாய் தண்ணி

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த லாட்ஜ்களிலும் இரண்டு கல்யாண மண்டபங்களிலும் தரை கழுவுகிறவர்களைக் கேட்டால், "ஞானபாய் தண்ணி ஊத்திக் கழுவுதோம்" என்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பாட்டில் கிடைக்கும். ஒருமுறை மதுரையிலிருந்து பினாயில் கம்பெனிக்காரர் ஒருவர் பையும் கையுமாக வந்து, அதில் என்ன மருந்து கலக்கிறது என்று விசாரித்தார். பூந்திக்கொட்டையும் அழுகின எலுமிச்சம்பழமும் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும். பெருவிரலில் ரேகை தேய்ந்துபோய் ஒரு பெண் பத்திர ஆபீஸ் வாசலில் நின்றது அவருக்குத் தெரியாது.

ஞானபாய்க்குச் சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். மிஷன் போர்டிங்கில் தங்கி எட்டாம் வகுப்பு முடித்தவள். வாத்தியார் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அப்பா கண்ணை மூடியதும் ஆசையும் மூடிக்கொண்டது. கட்டிக்கொடுத்த இடம் சங்கரன்கோவில். புருஷன் சாம்ராஜ் தறி ஓட்டினான், நெஞ்சில் பஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. கோமதிநாயகம் அண்ணாச்சி புதிதாக லாட்ஜ் கட்டியபோது தரை கழுவப் போனவள், அங்கேயே பத்து வருஷம் இருந்துவிட்டாள். கையெழுத்து மட்டும் அழகு. சபைக் கூட்டத்தில் நோட்டு சுற்றி வரும்போது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போடுவாள். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

அவளோடு வேலை செய்தவள் இசக்கித்தாய். பனவடலிசத்திரத்துக்காரி, வாய் ஓயாதவள், எழுத்து வாசனை கிடையாது. லாட்ஜில் பதினெட்டு அறைகள். ஊர்த் தண்ணீர் உப்பு; குளியலறையில் இரண்டு நாள் விட்டால் சுண்ணாம்பு அடித்ததுபோல் கறை பிடித்துவிடும். அதற்கு ஆசிட். தரைக்குக் கறுப்புப் பினாயில். அண்ணாச்சி ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். ஒரே வாரத்தில் கிழிந்தது, அதோடு அவர் கடமை முடிந்தது. இரண்டு பேர் கையும் உரிந்து, வெடித்து, மறுபடி உரிந்தது. சோறு பிசைந்தால் எரியும் என்று இரண்டு பேரும் கரண்டியில் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்து, "என்னம்மா, துரைசானி மாதிரி" என்று அண்ணாச்சி கேலி செய்ததும் உண்டு. அவரைத் திட்டி என்ன பயன், அவர் லாட்ஜில் மட்டுமா இந்தக் கொடுமை.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் இசக்கித்தாய்க்கு ஒரு வேலை வந்தது. செத்துப்போன புருஷனும் அவளுமாகக் கல் சுமந்து கட்டிய ஓட்டுவீடு ஒன்று அவள் பெயரில் இருந்தது. அதன்மேல் கொழுந்தன் வெள்ளத்துரைக்குக் கண். இவள் தலை சாய்ந்தால் வீட்டில் புகுந்துவிடுவான் என்று தெரிந்து, மகள் சுப்புத்தாய் பெயருக்கு எழுதி வைத்துவிட நினைத்தாள். சாட்சிக்கு ஞானபாயைக் கூட்டிக்கொண்டு, பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் சங்கரசுப்புவிடம் போனாள். அவர் ஒரு தாளில் மையைத் தடவி, "இடது பெருவிரலை வையி, பாப்போம்" என்றார்.

வைத்தாள். விழுந்தது வெறும் கறுப்பு. ஒரு கோடுகூட இல்லை. கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான்.

"என்னத்தா இது, விரலா, கூழாங்கல்லா?" என்றார் சங்கரசுப்பு. பிறகு அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "இத வச்சும் பதியலாம். ஆனா நாளைக்கு உன் கொழுந்தன் கோர்ட்டுக்குப் போயி, இது அவ ரேகையே இல்லன்னு சொன்னா, ஒத்துப் பாக்க என்ன இருக்கு? மூணு நாலு மாசம் கையில மருந்து படாம வச்சிக்கிட்டு வா. தோல் வளந்திரும்."

"மருந்து படாம இருந்தா சோறு யாரு போடுவா?" என்றாள் இசக்கித்தாய். அவர் மை டப்பாவை மூடி வைத்தார்.

வழியெல்லாம் இசக்கித்தாய் பெருவிரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். லாட்ஜ் வாசலுக்கு வந்ததும், "யக்கா, எனக்கு எழுத்துதான் இல்லன்னு நெனச்சேன். இப்ப கையுமில்ல பாத்தியா" என்றாள். இந்த விரலில் ரேகை வர வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்ற ஒரே நினைப்புதான் அன்றிலிருந்து ஞானபாய்க்கு.

லாட்ஜுக்கு எதிரே ஒரு நகைப் பட்டறை. அங்கே ஆசாரி கிண்ணத்தில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சங்கிலியைப் போட்டுத் தேய்ப்பார். பத்து வருஷமாகப் பார்த்த காட்சிதான். இப்போதுதான் அவள் இரண்டைக் கவனித்தாள். ஒன்று, சோப்புக்கு நுரைக்காத அதே உப்புத் தண்ணீரில் பூந்திக்கொட்டை பொங்கிப் பொங்கி நுரைத்தது. இரண்டு, தங்கத்தின் அழுக்கை எடுக்கும் அந்தத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்த ஆசாரியின் விரல்கள் நன்றாக இருந்தன.

புளியங்குடி மார்க்கெட்டில் அழுகினதும் அடிபட்டதுமான எலுமிச்சம்பழத்தைக் குப்பையில் கொட்டுவார்கள். அந்த வழியாக வரும் வாசுதேவநல்லூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி ஒரு சாக்கு வரவழைத்தாள். பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டி, பழத்தைப் பிழிந்து ஊற்றி, ஊறுகாய் ஜாடியில் மூடி வைத்தாள். முதல் ஜாடி பூஞ்சை பிடித்து நாறியது. இரண்டாவது கறையை எடுத்தது, ஆனால் தரை வழுக்கியது. கோவில்பட்டி வியாபாரி ஒருவர் குளியலறையில் சறுக்கி, வாயில் வந்ததெல்லாம் பேசினார். கொட்டையைக் குறைத்து, பழத்தைக் கூட்டி, கழுவியபின் இரண்டு வாளி வெறும் தண்ணீர் விட வேண்டும் என்று ஒழுங்கு வைத்தாள். நாலாவது ஜாடியில் சரியாக வந்தது. கறையில் ஊற்றி, ஒரு பீடி பிடிக்கும் நேரம் விட்டுத் தேய்த்தால் மொசைக் தரை பளிச்சென்று வந்தது. கக்கூஸ் கோப்பைக்கு மட்டும் பினாயில் வேண்டும், அதைக் குச்சித் துடைப்பத்தால் கை படாமல் செய்துகொள்ளலாம் என்று அவளே முடிவு செய்தாள்.

அண்ணாச்சி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பினாயில் வாட இல்லன்னா கழுவலன்னுல்லா நெனைப்பான்? வாறவன் மூக்காலதான் அறையப் பாக்கான்" என்றார்.

"அண்ணாச்சி, ஆசிட்டு உங்க மொசைக்கையே தின்னுருக்கு. குனிஞ்சு பாருங்க" என்றாள் ஞானபாய்.

குனிந்து பார்த்தார். தரையில் சொரசொரவென்று குழி விழுந்திருந்தது. பெண்களின் கையைப் பத்து வருஷம் பார்த்து வராத வருத்தம் மொசைக்கைப் பார்த்ததும் வந்தது. சித்திரை பிறந்ததும் ஆசிட் ஜாடி மாடிப்படிக்கு அடியில் போனது. இரண்டு மாதத்தில் லாட்ஜின் பின்பக்கம், கழிவுத் தண்ணீர் விழும் மொட்டைத் தரையில், யாரும் விதைக்காமலே குப்பைக்கீரை முளைத்தது. இசக்கித்தாய்க்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தினமும் தன் பெருவிரலை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"யக்கா, இங்கன ஒரு கோடு தெரியுதா?"

"தெரியுதுட்டி. வளந்துக்கிட்டு வருது."

சந்தோஷம் மனிதரைச் சும்மா விடாது. ஆனி மாதம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அவரவர் பாடுபட்டதின் முதல் பலனை ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பது வழக்கம். நிலமுள்ளவர்கள் நெல்லும் பருத்தியும் வாழைக்குலையும் கொண்டுவருவார்கள், இல்லாதவர்கள் கோழியோ முட்டையோ கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கர்த்தருக்கு வைத்த பொருள் என்று ஒரு முட்டையைக் கோழி விலைக்குப் போட்டி போட்டு எடுப்பார்கள். ஞானபாய் அத்தனை வருஷமும் கடையில் வாங்கிய தேங்காயைத்தான் வைத்திருந்தாள். இந்த வருஷம் தன்னுடையது என்று சொல்ல ஒன்று இருக்கிறதே! லாட்ஜில் யாரோ விட்டுப்போன ஸ்குவாஷ் பாட்டிலை எடுத்து, பழைய லேபிளைச் சுரண்டி, பளபளவென்று கழுவி, தெளிந்த தண்ணியாக நிரப்பினாள். தேன் நிறத்தில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டி, பீடத்தின் முன்னால் வைத்தாள். அது என்ன என்று அதன்மேல் ஒரு வார்த்தை எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தாள்.

ஏலம் விட்டவர் மோந்து பார்த்து, "ஞானபாய் அக்கா வச்ச எலுமிச்ச ரசம்!" என்று கூவினார். அந்த நேரத்தில் அவள் ஆலயத்துக்குப் பின்னால் அசனம் என்கிற சபை விருந்துக்கு இலை கழுவிக்கொண்டிருந்தாள். பீடத்தில் வைத்த பாட்டில் தரை கழுவுகிற தண்ணி என்று அந்தச் சபையில் யார் நினைப்பார்கள்? வேதமணி டீச்சர் ஏலத்தில் எடுத்தாள். அவள் மகள் ஏசுவடியாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம், எந்நேரமும் புளிப்புக்கு ஏங்கினாள். கர்த்தருடைய சந்நிதியில் வைத்தது, பிள்ளைக்கு நல்லது என்று சர்க்கரை போட்டுக் கலக்கி, ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தாள் தாய். கசக்கிறது என்று சொன்ன பெண்ணை, "தோல் கசப்பு, குடி மக்கா" என்று குடிக்க வைத்தாள்.

அசனப் பந்தி முடியும் முன்பே அந்தப் பெண் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞானபாய் எச்சில் இலையைப் போட்டுவிட்டு ஓடினாள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, ஆசிட்டுக்குப் பதிலாகக் காய்ச்சியது என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நீங்க முன்னால ஊத்திக் கழுவுன மருந்தா இருந்திருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காதும்மா" என்றார் அவர். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள்.

வேதமணி டீச்சர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஞானபாயின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒரு துண்டுத் தாள் எழுதி ஒட்டியிருக்கலாமே, ஞானபாய். எழுதத் தெரிஞ்சவதான நீ."

அந்தச் சொல் ஞானபாயை உள்ளே அறுத்தது. வீட்டுக்கு வந்து நாலு ஜாடியையும் சாக்கடையில் கவிழ்த்தாள். இனிமேல் இதைக் காய்ச்சுவதில்லை என்று ஜெபத்தில் பொருத்தனை செய்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கோயிலில் விஷம் வைத்தவள் என்று பேச்சு லாட்ஜ் வரை வந்தது. அம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் பத்துப் பேர் தங்கும் காலம். போலீஸ், கீலீஸ் என்று பயந்த அண்ணாச்சி ஆசிட் ஜாடியை மறுபடி வெளியே எடுக்கச் சொன்னார்.

இசக்கித்தாய் தன் கையைப் பார்த்தாள். கோடுகள் அப்போதுதான் கூடிவந்திருந்தன.

"ஏட்டி, நீ ஆசிட்டத் தொடாத. படியக் கூட்டு, பாயத் தட்டு, விரிப்பை அலசு. பதினெட்டுக் குளியலறையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஞானபாய்.

"உனக்கென்ன பைத்தியமா யக்கா? ஒத்த ஆளா எப்படிச் செய்வ?"

"ஆவணியில பத்திரம் பதியணும்லா. என் கைக்கு ரேகை எதுக்கு? பேனா பிடிச்சா போதும்."

பிராயச்சித்தம் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் அதுதான். குச்சித் துடைப்பத்தைக்கூட விட்டுவிட்டு வெறுங்கையால் தேய்த்தாள். ஆடித்தபசுக் கூட்டம் வந்து குவிந்தது. ஒரு அறையைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் மூட்டையோடு நிற்கும். விரல் மடிப்புகள் வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி வெடித்தன. தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். வேதமணி டீச்சர் வீட்டுக்குப் போகும் தெருமுனை வரை தினமும் நடந்து, உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் திரும்பினாள். இசக்கித்தாய் தடுத்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கேட்டால்தானே.

ஆவணி இரண்டாம் வாரம் பத்திர ஆபீஸுக்குப் போனார்கள். குமாஸ்தா இசக்கித்தாயின் இடது பெருவிரலை மையில் உருட்டித் தாளில் அழுத்தினார். சுழி சுழியாக, ஒரு கோடு பிசகாமல் ரேகை விழுந்தது. "இனி எவன் வந்தாலும் அசைக்க முடியாது" என்றார் சங்கரசுப்பு. இசக்கித்தாய் ஆபீஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். ஞானபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"சாட்சி யாரு? கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் குமாஸ்தா.

ஞானபாய் பேனாவை வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. இடதுகையால் வலதுகை விரல்களைப் பேனாவைச் சுற்றி மடக்கி வைத்தாள். முதல் எழுத்தின் சுழியிலேயே பேனா நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"எழுதத் தெரியாதுன்னா கைநாட்டு வைங்கம்மா. அதுல என்ன வெக்கம்?" என்றார் குமாஸ்தா. அவர் நல்ல மனிதர், தெரியாமல்தான் சொன்னார்.

"எழுதத் தெரியும்" என்றாள் ஞானபாய். பிறகு பெருவிரலைக் கொடுத்தாள். ஒத்திப் பார்க்க வைத்திருந்த தாளில் உருட்டி எடுத்தார். விழுந்தது வெறும் கறுப்பு.

சங்கரசுப்பு வெளியே போய், டீக்கடைக்காரரைக் கூட்டிவந்து சாட்சி போடவைத்தார். பத்திரம் பதிவானது. இசக்கித்தாயின் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. நேரே லாட்ஜுக்கு நடந்தாள், ஆசிட் ஜாடியைத் தூக்கிவந்து அண்ணாச்சியின் மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இத இனி நாங்க ரெண்டு பேரும் தொட மாட்டோம். வேணும்னா நீங்க ஊத்திக் கழுவிக்கிடுங்க."

அண்ணாச்சி முறைத்தார். பிறகு, வாசலில் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்ற ஞானபாயைப் பார்த்தார். அந்த ஒருநாள் அவருக்கும் மொசைக் ஞாபகம் வரவில்லை. ஜாடியை மேஜையிலிருந்து இறக்கிவிட்டு, "என்னமோ செய்ங்க" என்றார்.

ஞானபாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம்ட்டி. ஒரு உயிரு போகப் பாத்துச்சு. ரெண்டு உயிரு. நான் பொருத்தனை பண்ணியிருக்கேன்" என்றாள்.

"தாள் ஒட்டாதது உன் தப்பு. சரி, தாள ஒட்டுவோம். உன் கைய நீயே தீச்சுக்கிட்டா அந்தப் பிள்ளைக்கு வயிறு குளுந்துருமா? நீ பொருத்தனை பண்ணினது சாமிகிட்டயா, உன் வீம்புகிட்டயா?" இசக்கித்தாய் அவளை அப்படிப் பேசியது அதுவே முதல்தடவை. பேசிவிட்டு அவளே அடுப்பை மூட்டினாள்.

ஒரு வாரத்தில் நாற்பது பாட்டில் சேர்ந்தது. தாளும் பசையும் வந்தன. எழுதுவது யார்? ஒருத்திக்குக் கை இல்லை, ஒருத்திக்கு எழுத்து இல்லை. இசக்கித்தாய் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. தாள்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஞானபாயின் முழங்கையைப் பிடித்து, அவள் இத்தனை நாளும் தாண்டாத தெருமுனையைத் தாண்டி வேதமணி டீச்சர் வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தினாள்.

உள்ளே தொட்டில் தொங்கியது. பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேதமணி டீச்சர் வாசலுக்கு வந்து, ஞானபாயின் கைகளைப் பார்த்ததும் வழிவிட்டு விலகினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஏசுவடியாள் இசக்கித்தாய் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "தாள இங்க கொடுங்க" என்று கையை நீட்டினாள்.

'குடிக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதினாள். குடித்தவள் அல்லவா, அந்த எழுத்தில் அழுத்தம் இருந்தது. "கீழ என்ன எழுத, சித்தி?" என்று கேட்டாள்.

"அது போதும் மக்கா" என்றாள் ஞானபாய்.

"செஞ்சவங்க பேரு வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி 'ஞானபாய்' என்று எழுதினாள். அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் எழுதினாள். நாற்பது தாளும் முடியும்வரை, ஞானபாய் தரையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த கைகளைக்கூட மறைக்காமல், தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.